வேலையிடத்துல பேர் எடுக்குறது எப்படி: சிங்கப்பூர் ஆபிஸுக்கு ஒரு முழு வழிகாட்டி

வருஷக் கடைசியில நிறைய கம்பெனியில ஒரு மீட்டிங் நடக்கும், கேலிப்ரேஷன்னு சொல்லுவாங்க. உங்க மேனேஜர், பக்கத்து டிபார்ட்மெண்ட் மேனேஜருங்க, ஹெச்ஆர்ல ஒருத்தர், எல்லாரும் ஒரு ரூம்ல உக்காந்து யாருக்கு என்ன ரேட்டிங்னு பேசி முடிப்பாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. உங்க பேர் வந்ததும் உங்க மேனேஜர் ஒரு வரி சொல்லுவாரு, எதிர்ல இருக்கவங்கள்ல ரெண்டு பேராவது "ஆமா, எனக்கும் தெரியும், எங்க வேலைக்குக் கூட உதவி பண்ணாங்க"ன்னு சொல்லணும். யாரும் வாயத் திறக்கலன்னா அடுத்த பேருக்குப் போயிடுவாங்க, அவ்ளோதான்.

நான் சாங்கி பக்கம் ஒரு ரீஜனல் ஆபிஸ்ல சப்ளை செயின் வேலையில பதினாலு வருஷமா இருக்கேன், அந்த ரூம்ல ஆறு வருஷமா உக்காந்திருக்கேன். ராப்பகலா உழைக்குற நம்ம பிள்ளைங்க பேரு அந்த ரூம்ல சத்தமே இல்லாம தாண்டிப் போறத பாத்துப் பாத்து மனசு கேக்காமத்தான் இத எழுதுறேன். பெர்சனல் பிராண்டுன்னு இப்ப எல்லாரும் சொல்றது, நம்ம வீட்டுப் பெரியவங்க "வேலை பாக்குற எடத்துல பேர் எடுக்கணும்"னு சொன்னாங்கல்ல, அதேதான்.

புதுசா ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் தடுக்கி விழறது வரிசையிலதான். முதல் வேலையா ஸ்டுடியோ போய் போட்டோ எடுத்து லிங்க்ட்இன்ல போட்டு வாரத்துக்கு மூணு போஸ்ட் எழுத ஆரம்பிச்சிடுறாங்க. உள்ள யாருக்கும் தெரியாத ஆளு வெளிய சத்தம் போட்டா, கூட வேலை பாக்குறவங்க "வேற வேலை தேடுறான் போல"ன்னுதான் நெனைப்பாங்க. அதனால இங்க லிங்க்ட்இன் ஒன்பதாவது படி. தயவுசெஞ்சு தாவாதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

குடுத்த வேலை நேரத்துக்கு முடியுதான்னு முதல்ல பாருங்க. அது முடியாம பேர் எடுக்கப் போனா, வேலைய முடிக்காதவருங்கறதுதான் பேரா நிக்கும், ஏன்னா இப்ப உங்கள கவனிக்க ஆரம்பிச்சிருப்பாங்க.

சேந்து மூணு மாசம் ஆகலன்னா 1ஆவது படியும் 4ஆவது படியும் மட்டும் செய்ங்க. மத்ததெல்லாம் வேலையும் ஆளுங்களும் புரிஞ்சதுக்கு அப்புறம்.

வேலை ஒப்பந்தத்துல ரகசியம் காக்குறதப் பத்தி என்ன எழுதியிருக்கு, கம்பெனிக்கு சோஷியல் மீடியா விதிமுறை இருக்கா, ரெண்டையும் ஒரு தடவ முழுசா படிங்க. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு யாரும் படிச்சிருக்க மாட்டோம். அரசாங்க வேலையில இருக்கவங்களுக்கு அரசாங்க ரகசியச் சட்டமும் இருக்கு, அங்க இன்னும் கவனம்.

ஒரு நோட்டு வாங்கிக்குங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வேற செலவு எதுவும் கிடையாது.

1. முதல்ல உங்க பேரையே சரி பண்ணுங்க

இதப் படிச்சு சிரிக்காதீங்க, நம்ம ஆளுங்களுக்கு அடிக்கடி வர்ற பிரச்சனை இது, யாரும் சொல்லித் தரவும் மாட்டாங்க. நமக்கு குடும்பப் பேரு கிடையாது, அப்பா பேரத்தான் போடுறோம். இங்க பிறந்தவங்களுக்கு ஐசியில, அதான் அடையாள அட்டையில, நடுவுல எஸ்ஓ (இன்னாரோட மகன்), டிஓ (இன்னாரோட மகள்)ன்னு இருக்கும், ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசிப் பேரா போயிருக்கும். ஹெச்ஆர் சிஸ்டம் அத அப்படியே எடுத்து ஈமெயில்ல போட்டுடும். உங்க பேரு குமார், அப்பா பேரு முத்துசாமின்னு வச்சுக்குங்க, மெயில் எல்லாம் "டியர் முத்துசாமி"ன்னு வரும்.

எங்க ஆபிஸ்ல ஒரு தம்பி ரெண்டு வருஷம் அப்பா பேருக்கே பதில் சொல்லிட்டு இருந்தாரு, திருத்துறதுக்குக் கூச்சம். அதுல என்ன நஷ்டம்னா, டீமுக்குள்ள அவர ஒரு பேர்ல கூப்பிடுவாங்க, வேற டிபார்ட்மெண்ட்ல இன்னொரு பேர்ல தெரியும். மேனேஜர் மீட்டிங்ல ஒரு பேர சொன்னப்ப எதிர்ல இருந்தவங்களுக்கு அது யாருன்னே பிடிபடல, அவங்களுக்கு நல்லா உதவி பண்ண ஆளே அவர்தான். ரெண்டு வருஷ உழைப்பு ரெண்டு பேருக்குப் பிரிஞ்சு போச்சு.

செய்ய வேண்டியது இது. எல்லாரும் கூப்பிட வேண்டிய ஒரே பேர முடிவு பண்ணுங்க. நீளமா இருக்கேன்னு உங்களுக்குப் பிடிக்காத மாதிரி வெட்டாதீங்க, அந்தப் பேரோட பல வருஷம் இருக்கப் போறது நீங்கதான். அப்புறம் ஹெச்ஆர் கிட்டயோ ஐடி கிட்டயோ போய் டிஸ்ப்ளே பேர மாத்தச் சொல்லுங்க, பெரும்பாலான சிஸ்டத்துல அதுக்குன்னு தனி இடம் இருக்கும். ஈமெயில், டீம்ஸ், கையெழுத்துப் பகுதி, லிங்க்ட்இன் நாலுலயும் ஒரே பேரு, ஒரே எழுத்துக்கூட்டு. சம்பளம், மத்திய சேமநிதி, வேலை பாஸ் இதுலெல்லாம் சட்டப்படி உள்ள பேரு அப்படியே இருக்கட்டும், அத தொடக்கூடாது.

யாராவது தப்பா கூப்பிட்டா முதல் தடவையே சிரிச்ச முகத்தோட திருத்துங்க. மூணாவது தடவ திருத்துனா அவங்களுக்கு சங்கடம், பத்தாவது தடவ திருத்தவே முடியாது. உச்சரிப்பு கஷ்டமான பேருன்னா லிங்க்ட்இன் மொபைல் ஆப்ல உங்க குரல்லயே பேரப் பதிவு பண்ணி வைக்கலாம், பத்து செகண்டு வரைக்கும்.

கல்யாணத்துக்கு அப்புறம் பேர மாத்துற தங்கச்சிங்களுக்கு ஒண்ணு. ஆபிஸ் பேர மாத்தணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. மாத்துறதுன்னா எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டு சொல்லிட்டு மாத்துங்க, இல்லன்னா பழைய வேலையெல்லாம் யாரோ விட்டுட்டுப் போனவங்க செஞ்சதா நெனச்சிடுவாங்க.

2. இப்ப உங்களுக்கு என்ன பேர் இருக்குன்னு கேளுங்க

பேர் இல்லாத ஆளே கிடையாது, நமக்குத் தெரியாத பேருதான் இருக்கும். அது தெரியாம அடுத்த படிக்குப் போனா, ஏற்கனவே இருக்குறத பாக்காம புதுசா ஒண்ணக் கட்டிட்டு இருப்போம்.

அஞ்சு பேர எடுத்துக்குங்க: உங்க மேனேஜர், டீம்ல ஒருத்தர், வேற டிபார்ட்மெண்ட்ல ரெண்டு பேர், உங்களுக்கு ஜூனியர் ஒருத்தர். மெயில்ல கேக்காதீங்க, எழுத்துல யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. கோப்பி குடிக்கப் போறப்ப கேளுங்க.

கேக்குற விதம் முக்கியம். "என்னப் பத்தி என்ன நெனைக்கிறீங்க"ன்னு கேட்டா "ரொம்ப நல்ல ஆளு"ன்னு முடிச்சிடுவாங்க. "எந்த மாதிரி வேலை வந்தா இத இவங்ககிட்ட கேக்கலாம்னு என் ஞாபகம் வருது?"ன்னு கேளுங்க. அதுக்கு ஏதாவது ஒரு வேலையோட பேரத்தான் சொல்லியாகணும், அல்லது யோசிச்சுட்டு ஒண்ணும் வரலன்னு சொல்லணும், ரெண்டுமே உங்களுக்குத் தேவையான பதில்தான்.

அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே நோட்டுல எழுதுங்க, தேதி போட்டு. மறுத்துப் பேசாதீங்க. ஒரு தங்கச்சி இத செஞ்சப்போ தன்ன டேட்டா அனலிஸ்டா எல்லாரும் பாக்குறாங்கன்னு நெனச்சிருந்துச்சு, அஞ்சுல நாலு பேர் "ஸ்லைடு அழகா பண்ணித் தருவாங்க"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் அழுதுச்சு பாவம். ஆனா அந்த ரெண்டு நாள் அழுகைதான் அடுத்த ஒரு வருஷத்த காப்பாத்துச்சு.

3. ஒரே ஒரு வரியத் தேர்ந்தெடுங்க

இந்தப் படியிலதான் அதிக நேரம் எடுத்துக்கணும், ரெண்டு வாரம் ஆனாலும் பரவாயில்ல. கேலிப்ரேஷன் ரூம்ல உங்க மேனேஜர் சொல்லப் போற அந்த ஒரு வரிய இப்பவே நீங்க முடிவு பண்றீங்க.

"கடின உழைப்பாளி", "டீம் பிளேயர்", "ஆர்வமானவர்" இதெல்லாம் வரி இல்ல. அந்த ரூம்ல இருக்குற எல்லா மேனேஜரும் தன் ஆளுங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்க. வரியில ஒரு பிரச்சனையோட பேரு இருக்கணும். "ஷிப்மெண்ட் சிக்கிக்கிச்சுன்னா முதல்ல கூப்பிட வேண்டிய ஆளு", "ஆடிட்டர் கேள்வி கேட்டா பேப்பரோட நிக்குற ஆளு", இப்படி.

மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. அந்தப் பிரச்சனை திரும்பத் திரும்ப வருதா? வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுல பேரு நிக்காது. உங்களால மத்தவங்கள விட கொஞ்சமாவது நல்லா செய்ய முடியுதா? உங்க மேனேஜருக்கு அது தலைவலியா இருக்கா? மூணாவதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. நமக்குப் பிடிச்ச வேலையில கெட்டிக்காரரா இருப்போம், மேனேஜருக்கு அதப் பத்தி கவலையே இருக்காது, அப்ப அந்த வரிய அவர் வாயால சொல்ல மாட்டாரு.

ஒரு உதாரணம் சொல்றேன். இங்க ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1ல 7லேர்ந்து 8 சதவீதம் ஆச்சு, 2024 ஜனவரி 1ல 9 ஆச்சு. அக்கவுண்ட்ஸ்ல ஒரு தம்பி, பெரிய படிப்பெல்லாம் இல்ல, டிப்ளோமாதான். முதல் தடவ ரேட் மாறினப்போ எல்லாரும் குழம்புனத பாத்தாரு: டிசம்பர்ல இன்வாய்ஸ் போட்டாச்சு, பொருள் ஜனவரியில போகுது, காசு பிப்ரவரியில வருது, எந்த ரேட்? வரி ஆணையம் போட்ட வழிகாட்டிய உக்காந்து படிச்சு, எங்க கம்பெனியில நடக்குற விதத்துக்குப் பொருந்துற மாதிரி ஒரே பக்கத்துல அட்டவணை போட்டு, ரெண்டாவது தடவ ரேட் ஏறறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சேல்ஸ் ஆளுங்களுக்கு அனுப்பிட்டாரு. அந்த டிசம்பர்ல மூணு டிபார்ட்மெண்ட்லேர்ந்து அவரத் தேடி வந்தாங்க. கேலிப்ரேஷன்ல அவர் மேனேஜர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடி சேல்ஸ் மேனேஜரே "அந்த ஜிஎஸ்டி பையனா, நல்ல பையன்"னு சொன்னாங்க. இதத்தான் சொல்றேன்.

இங்க அடிக்கடி நடக்குற தப்பு மூணு. ரெண்டு மூணு வரி வச்சுக்கறது ஒண்ணு, கேக்குறவங்களுக்கு ஒண்ணு கூட ஞாபகம் இருக்காது. உங்க சீனியர் ஏற்கனவே பேர் எடுத்து வச்சிருக்க இடத்துலயே போய் நிக்கறது இன்னொண்ணு, அது சண்டையில முடியும், பக்கத்துல இருக்குற காலி இடத்தப் பாருங்க. மூணாவது, சீக்கிரம் மறையப் போற வேலையில பேர் எடுக்கறது. பழைய சிஸ்டம் அடுத்த வருஷம் போகுதுன்னா, அதுல புலின்னு பேர் எடுத்து என்ன பிரயோஜனம்? பழசுலேர்ந்து புதுசுக்கு மாத்தி விடுற ஆளா இருங்க.

4. வெள்ளிக்கிழமை நோட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினஞ்சு நிமிஷம். நாலு விஷயம் எழுதுங்க: என்ன பிரச்சனை, நான் என்ன செஞ்சேன், என்ன மாறிச்சு, யார் பாத்தாங்க. ஒவ்வொண்ணும் ஒரு வரி போதும்.

ஏன் வாராவாரம்னா, மார்ச்ல செஞ்சது நவம்பர்ல ஞாபகம் இருக்காது. அப்ரைசல் பாரத்துல எல்லாரும் கடைசி ரெண்டு மாச வேலையத்தான் எழுதுறாங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

"என்ன மாறிச்சு"ங்கற இடத்துல நம்பர் வேணும், ஆனா நம்பரப் பிடிக்கணும்னா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பழைய நிலைய எழுதி வச்சிருக்கணும். முன்ன இந்த ரிப்போர்ட்டுக்கு ஆறு மணி நேரம், இப்ப ஒண்ணரை மணி நேரம்னு எழுதணும்னா அந்த ஆறு மணி நேரத்த முதல்லயே அளந்திருக்கணும். செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் குத்துமதிப்பா போட்டா யாராவது ஒரு கேள்வி கேட்டாலே நிக்க முடியாது.

நம்பரே இல்லாத வேலைங்க உண்டு, அங்க புகார் எத்தன வந்துச்சு, எத்தன தடவ திருப்பி அனுப்புனாங்க, இந்த மாதிரி எண்ணிக்கை போடலாம்.

ஒரு எச்சரிக்கை, இத சும்மா விட்டுடாதீங்க. நோட்டுல கஸ்டமர் பேரு, போன் நம்பர், விலை எதுவும் எழுதக்கூடாது. ஆபிஸ் மெயில சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு பண்ணி "ஆதாரம்" சேக்கறது பெரிய தப்பு, இங்க தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லேர்ந்து இருக்கு, அதோட கம்பெனி விதிமுறை வேற. நல்ல பேருக்காக சேத்து வச்சதே வேலைக்கு உலை வச்சிடும். பாராட்டி வந்த மெயில ஆபிஸ் இன்பாக்ஸ்லயே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, அது போதும்.

5. மீட்டிங்ல முடிவ முதல்ல சொல்லுங்க

நம்ம ஆளுங்க ரெண்டு விதத்துல தடுமாறுறாங்க. ஒண்ணு, வாயே திறக்கறதில்ல. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசக்கூடாதுன்னு வளந்தோம், கேட்டா சொல்லுவோம்னு உக்காந்திருப்போம், கேக்கவே மாட்டாங்க. இன்னொண்ணு, வாயத் திறந்தா கதைய ஆதியிலேர்ந்து சொல்றது. போன மாசம் வெண்டர் என்ன சொன்னாரு, அதுக்கு நான் என்ன சொன்னேன், அப்புறம் சிஸ்டம் என்ன காட்டுச்சு, இப்படிப் போய் முடிவு வர்றப்ப கேக்குறவங்க போனப் பாத்துட்டு இருப்பாங்க. ரெண்டு விதத்துலயும் உங்களுக்கு விஷயம் தெரியும்ங்கறது அங்க யாருக்கும் தெரியாமப் போயிடுது.

மீட்டிங்குக்கு முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் எழுதிட்டுப் போங்க. முடிவு முதல்ல, காரணம் அடுத்து, யாருக்கு என்ன வேலை கடைசியில. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்டாக் வராது, கப்பல் ரெண்டு நாள் லேட்டு, பாதிய விமானத்துல கொண்டு வரலாமான்னு இன்னிக்கே முடிவு வேணும்." இவ்ளோதான். கதைய யாராவது கேட்டா சொல்லலாம்.

முதல் பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு தடவையாவது பேசிடுங்க, ஒரு கேள்வியா இருந்தாலும் சரி. நேரம் ஆக ஆக வாய் இன்னும் பூட்டிக்கும், அது எனக்கு நல்லாவே தெரியும், முதல் ரெண்டு வருஷம் நான் அப்படித்தான் கிடந்தேன்.

உச்சரிப்பப் பத்தி கவலைப்படுறவங்களுக்கு: வேகத்தக் குறைங்க, அதுவே பாதி வேலைய செஞ்சிடும். ஊர்லேர்ந்து வந்தவங்க சீக்கிரம் ஒட்டிக்கணும்னு இங்கத்து இங்கிலீஷ் மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் "லா" போட்டுப் பேச வேணாம், செயற்கையா தெரியும், வரப்ப தானா வரும். அதே மாதிரி, தமிழ் புரியாத ஒருத்தர் பக்கத்துல நிக்குறப்ப நமக்குள்ள தமிழ்ல பேசிக்கறது அவங்கள வெளிய தள்ளுற மாதிரி. தமிழ் மேல இருக்க பாசத்துல பேசுறோம், அவங்களுக்கு அது வேற மாதிரிப் படும், அந்தப் பேரு நமக்கு வேண்டாம்.

வீட்டுலேர்ந்து வேலை பாக்குறவங்க ஒண்ணு கவனிக்கணும். அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் மூணு பேரும் சேந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டிப்படி, 2024 டிசம்பர் 1லேர்ந்து, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறையா எழுதிக் குடுத்தா முதலாளி ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும். அனுமதி கிடைச்சுது, நல்லது. ஆனா ஆபிஸ் போற ரெண்டு மூணு நாளையும் ஹெட்போன் மாட்டிட்டு மெயில் பாத்தே கழிக்காதீங்க. அந்த நாள்ல ஆளுங்களப் பாருங்க, மெயில வீட்டுல பாத்துக்கலாம்.

6. ஒரு பக்கம் எழுதிப் பரப்புங்க

உங்க வரி என்ன பிரச்சனையப் பத்தினதோ, அதுக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்க. நீங்க லீவுல இருந்தாலும் அந்தப் பக்கம் உங்க பேரோட சுத்திட்டு இருக்கும். ஜிஎஸ்டி தம்பி செஞ்சது இதுதான்.

மேல உங்க பேரும் தேதியும் கட்டாயம். பேர் போட்டா பெருமையடிக்கற மாதிரி இருக்குமோன்னு விட்டுடுறாங்க, ஆனா சந்தேகம் வந்தா யாரக் கேக்கணும்னு தெரியணும்ல, அதுக்காகத்தான் பேரு.

"சொல்லிக் குடுத்துட்டா என் மதிப்பு குறைஞ்சிடும்"னு பயந்து பூட்டி வைக்கிறவங்கள நிறையப் பாத்திருக்கேன். அப்படிப் பூட்டி வச்சா அந்த வேலையிலேர்ந்து உங்கள எடுக்க முடியாது, எடுக்க முடியாதவங்களுக்கு புரமோஷன் எப்படிக் குடுப்பாங்க?

7. மேனேஜர் கிட்ட சொல்ற முறை

"வேலைய நாம செஞ்சா போதும், பாக்குறவங்க பாப்பாங்க"ங்கறது பத்து பேர் வேலை பாக்குற கடையில சரி. உங்க மேனேஜருக்கு கீழ இங்க நாலு பேரு, மணிலாவுல மூணு பேரு, பெங்களூர்ல அஞ்சு பேரு இருப்பாங்க. அவரு பாக்கல, பாக்க நேரமும் இல்ல.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ தனியா பேசுற நேரம் இருந்தா அதுல மூணு வரி சொல்லுங்க: இது முடிஞ்சுது, இது நிக்குது, இதுக்கு உங்க உதவி வேணும். மூணாவது வரி இருக்கணும், அது இருந்தாத்தான் முதல் வரி தம்பட்டமாத் தெரியாது, வேலைப் பேச்சாத் தெரியும்.

உதவி பண்ணவங்க பேர கட்டாயம் சொல்லுங்க. நீங்க அடுத்தவங்க பேர சொன்னா அவங்களும் எங்கயாவது உங்க பேர சொல்லுவாங்க, அது கைமாத்து மாதிரி திரும்பி வரும்.

மேனேஜரத் தாண்டி அவரோட பாஸுக்கு சிசி போட்டு சாதனை மெயில் அனுப்பாதீங்க. உங்க வரிய அந்த ரூம்ல சொல்ல வேண்டிய ஆளயே நீங்க சங்கடப்படுத்திட்டீங்கன்னா அப்புறம் யாரு சொல்றது?

8. டீமுக்கு வெளிய ரெண்டு பேர்

தலையாட்டறதுக்கு ரெண்டு பேர் வேணும்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அவங்க உங்க டீமுக்கு வெளியதான் இருக்கணும். யார்னு நோட்டுல எழுதிக்குங்க. உங்க வேலையால நேரடியா பலன் அடையற டிபார்ட்மெண்ட்லேர்ந்து பாருங்க.

இங்க நம்ம பழக்கம் ஒண்ணு தடையா இருக்கு. லன்ச்சுக்கு தமிழ் ஆளுங்க எல்லாம் ஒரே மேசை. எனக்கும் அந்த மேசை ரொம்பப் பிடிக்கும், வாரம் மூணு நாள் அங்கதான் உக்காருவேன். மத்த ரெண்டு நாள் வேற மேசை. சைவம் சாப்பிடுறவங்க, வீட்டுச் சாப்பாடு கொண்டு வர்றவங்க ஹாக்கர் சென்டருக்கு கூப்பிட்டா தயங்குவாங்க, புரியுது. அப்படின்னா லன்ச்ச விட்டுடுங்க, மூணு மணிக்கு கீழ போய் ஒரு தே குடிக்கலாமான்னு நீங்களே கூப்பிடுங்க. சாப்பாட்டுல இருக்குற ஹலால், பன்றி, மாட்டிறைச்சி பிரச்சனை எதுவும் ஒரு கிளாஸ் தேயில கிடையாது, எல்லாரும் வருவாங்க.

போய் உங்க சாதனையப் பேசாதீங்க. அவங்க வேலையில எது இழுக்குதுன்னு கேளுங்க, அடுத்த வாரத்துக்குள்ள அதுல ஒரு சின்ன விஷயத்த முடிச்சுக் குடுங்க.

9. இப்பதான் லிங்க்ட்இன்

இத வேகமா முடிச்சிடலாம், ஏன்னா மேல உள்ளதெல்லாம் செஞ்சிருந்தா எழுத வேண்டியது ஏற்கனவே நோட்டுல இருக்கும்.

போட்டோ வெளிச்சத்துல எடுத்தது, முகம் தெளிவா, போன்ல எடுத்தாலே போதும். கல்யாணத்துல எடுத்தத வெட்டிப் போடாதீங்க. பேருக்குக் கீழ வர்ற தலைப்பு வரியில 220 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, பதவிய மட்டும் போட்டுட்டு விட்டுடாம 3ஆவது படியில எடுத்த வரிய அங்க போடுங்க.

மாசத்துக்கு ரெண்டு போஸ்ட் போதும். ஒரு பிரச்சனைய எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு எழுதுங்க, கஸ்டமர் பேரோ கம்பெனி நம்பரோ வரக்கூடாது. சந்தேகமா இருந்தா மேனேஜர் கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போடுங்க.

வேலை தேடுறப்ப, வேலைக்கு ரெடின்னு காட்டுற பச்சை வளையத்த போட்டோ மேல போடுறதுக்கு முன்னாடி யோசிங்க, அத உங்க ஆபிஸே பாக்கும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வைக்க வழி இருக்கு, ஆனா உங்க கம்பெனிக்கு தெரியவே தெரியாதுன்னு லிங்க்ட்இன்னே உத்தரவாதம் குடுக்கறதில்ல.

சர்டிபிகேட்டப் பத்தி. நாப்பது வயசும் அதுக்கு மேலயும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாசம் அரசாங்கம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட், அதாவது படிப்புக் கட்டணத்துக்கான தொகை, குடுத்துச்சு. அத வச்சு கண்டதையும் படிச்சு பக்கம் முழுக்க அடுக்கி வைக்கிறாங்க. உங்க வரிக்கு நேரா உதவுற ஒரு படிப்பு எடுங்க, முடிச்ச அடுத்த மாசமே ஆபிஸ்ல அத ஒரு வேலையில போட்டுக் காட்டுங்க. போட்டுக் காட்டாத சர்டிபிகேட்ட யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க.

10. தப்பு நடந்துட்டா

நடக்கும். என் கைத்தப்புல ஒரு தடவ தவறான அளவு ஆர்டர் போயிடுச்சு, எனக்குத் தெரிஞ்சப்ப சாயங்காலம் அஞ்சரை. காலையில சொல்லிக்கலாம்னு தோணுச்சு, நல்ல வேளையா அன்னிக்கே போன் போட்டுட்டேன். ராத்திரியே வெண்டரப் பிடிச்சு நிறுத்துனாங்க. இன்னிக்கும் அந்த மேனேஜர் அந்தத் தப்ப சொல்றதில்ல, போன் வந்த நேரத்தத்தான் சொல்றாரு.

நீங்களே முதல்ல சொல்லணும், மூணு விஷயம்: என்ன ஆச்சு, இப்ப யாருக்குப் பாதிப்பு, நான் என்ன செஞ்சுட்டு இருக்கேன். ஏன் நடந்துச்சுங்கறது நாளைக்கு. அந்த நேரத்துல காரணம் சொன்னா சாக்கு மாதிரித்தான் கேக்கும்.

11. அப்ரைசலும் அதுக்கு அப்புறமும்

பாரம் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி நோட்ட எடுங்க. அம்பது வெள்ளிக்கிழமையில உங்க வரிக்கு சம்பந்தமான அஞ்ச மட்டும் பொறுக்குங்க, மத்தத விட மனசு வராது, விடுங்க. மேனேஜர் அப்படியே எடுத்துப் படிக்கிற மாதிரி ஒவ்வொண்ணும் ரெண்டு வரி. பாரத்துல முதல் வரியா உங்க ஒரு வரிய வைங்க, ஏன்னா அந்த ரெண்டு நிமிஷத்துல அவர் கண்ணு படப் போறது அதுலதான்.

ரேட்டிங் வந்து, போனஸ் வந்து, சீனப் புத்தாண்டு லீவும் முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்ததும், 2ஆவது படியில கேட்ட அதே அஞ்சு பேர்கிட்ட அதே கேள்விய திரும்பக் கேளுங்க. பழைய பதிலுக்குப் பக்கத்துலயே புதுசையும் எழுதுங்க. அஞ்சுல மூணு பேர் உங்க வரிய அவங்க வார்த்தையில சொன்னாங்கன்னா, அந்த வேலையப் பழக்க ஒரு ஜூனியரப் பாருங்க, நீங்க அதுக்கு அடுத்த பெரிய பிரச்சனைக்கு நகருங்க, இல்லன்னா அதே வேலையிலயே வச்சுடுவாங்க. மூணு பேர் சொல்லலன்னா போஸ்ட்ட அதிகமாக்காதீங்க, 3ஆவது படிக்குத் திரும்பிப் போய் வரியப் பாருங்க. ஸ்லைடு தங்கச்சிக்கு முதல் வருஷம் அஞ்சுல ரெண்டு பேர்தான் சொன்னாங்க. வரிய இன்னும் சின்னதாக்கி, "சேல்ஸ் ஃபோர்காஸ்ட் ஏன் தப்பாச்சுன்னு கண்டுபிடிக்கிற ஆளு"ன்னு ஒரே விஷயத்துல நிறுத்திக்கிச்சு. ரெண்டாவது வருஷம் நாலு பேர்.